பின்படியில் உட்காராதீர்கள்

கேள்வி: படகுப் புகையால் இறந்த மகனின் நினைவாக இங்கே ஒரு குடும்பம் அறக்கட்டளை நடத்துகிறது. கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கை ஒருபுறம், அவனுக்கு உயிரான பேஸ்பால் பயிற்சி மறுபுறம். திறந்தவெளி ஏரியில் புகை எப்படிக் கொல்லும்?
– வாசகி, அரிசோனா

பதில்: நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். லேக் பவல் ஏரியில் என் அக்கா மகன் படகின் பின்படியில் கால் நனைத்துக்கொண்டிருந்தான். தலை வலிக்கிறது என்றான், வெயில் என்றோம். வாந்தி எடுத்த பிறகுதான் படகோட்டி எஞ்சினை அணைத்துவிட்டு ஓடிவந்தார். எஞ்சினும் ஜெனரேட்டரும் வெளிவிடும் கார்பன் மோனாக்சைடு வாயு அந்தப் படியைச் சுற்றியே தேங்குமாம். அதற்கு நிறமில்லை, மணமில்லை. ரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுகப் பற்றும். மயங்கி நீரில் விழுபவரை, மூழ்கி இறந்தார் என்று எழுதிவிடுவதும் உண்டு. ஓடும் படகின் பின்படியைப் பிடித்து மிதப்பதைக் கலிபோர்னியா 2005 முதல் சட்டப்படி தடுத்திருக்கிறது.

பேஸ்பால் ஏன் என்று கேட்கவே வேண்டாம். மைதானத்துக்கு வரும் பிள்ளைகளின் பெற்றோர்தானே கோடையில் படகும் எடுக்கிறார்கள்! அந்தக் குடும்பத்தைப் பார்த்தால் என் வணக்கத்தைச் சொல்லுங்கள். உங்கள் படகில் கார்பன் மோனாக்சைடு அலாரம் இருக்கிறதா?