வெந்த ஹாமை மறுபடி வேகவைக்க வேண்டாம்

நியூ ஜெர்சியிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "கிறிஸ்துமஸ் அன்று எங்கள் வீட்டில் 12 பேர் சாப்பிடுகிறார்கள். கணவரின் அலுவலகத்தில் எலும்போடு 14 பவுண்டு முழு ஹாம் கொடுத்திருக்கிறார்கள். உறையில் 'ஃபுல்லி குக்டு' என்று இருக்கிறது. ஆனால் என் மாமியார், 'ரோஸ் கலரில் இருக்கிறதே, இது பச்சைக் கறிதான், துண்டு போட்டுக் குக்கரில் ஏழெட்டு விசில் விடு' என்கிறார். எது சரி? மிஞ்சுவதை என்ன செய்வது?"

சகோதரி, முதலில் குக்கரை எடுத்து உள்ளே வையுங்கள். உங்கள் ஹாம், அதாவது உப்புநீரில் பதப்படுத்திய பன்றித் தொடை, கம்பெனியிலேயே வெந்து வந்துவிட்டது. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து அப்படியே வெட்டிச் சாப்பிட்டாலும் ஒன்றும் ஆகாது. இனி உங்கள் வேலை, காய்ந்துபோகாமல் அதைச் சூடாக்குவது மட்டும்தான். அத்தை சொல்லும் ரோஸ் நிறம், உப்புநீரில் சேர்க்கும் நைட்ரைட் என்ற உப்பால் வருவது. நாள் முழுக்கக் கொதிக்கவிட்டாலும் அது போகாது. ஊரில் பன்றிக்கறியை நிறம் மாறும்வரை வேகவைத்துப் பழகியவர்களுக்கு இது நெருடத்தான் செய்யும். ஹாம் விஷயத்தில் நிறத்தைப் பார்க்காதீர்கள். 15 டாலருக்கு ஒரு இறைச்சி தெர்மாமீட்டர் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஹாம் உறைந்திருந்தால், ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்து இளக மூன்று, மூன்றரை நாள் பிடிக்கும். சமையல் மேடையில் வைத்து இளக்காதீர்கள். அன்றைக்கு ஓவனை 325 டிகிரி ஃபாரன்ஹீட்டில் வையுங்கள். ஆழமான தட்டில் வெட்டுப்பட்ட பக்கம் கீழே இருக்கும்படி ஹாமை வைத்து, இரண்டு கப் தண்ணீர் ஊற்றி, அலுமினியம் ஃபாயிலால் இறுக்கமாக மூடுங்கள். பவுண்டுக்கு 15 முதல் 18 நிமிடம் என்பது கணக்கு. உங்கள் 14 பவுண்டுக்கு மூன்றரை மணி முதல் நாலேகால் மணி நேரம் ஆகும். மூன்று மணி நேரம் ஆனதுமே தெர்மாமீட்டரைக் குத்திப் பார்க்கத் தொடங்குங்கள். சதை மிகப் பருத்த இடத்தில் குத்த வேண்டும், முனை எலும்பில் படக்கூடாது. எலும்பு தப்பான சூட்டைக் காட்டிவிடும். 140 டிகிரி வந்தால் போதும், அதற்கு மேல் போகப் போகச் சதை நார்நாராகிவிடும்.

இனிப்புப் பூச்சு வேண்டுமானால் கடைசி 20 நிமிடத்தில் போடுங்கள். ஃபாயிலை எடுத்துவிட்டு, மேல்கொழுப்பைக் கத்தியால் லேசாகக் கட்டம் கட்டமாகக் கீறி, ஒரு கப் பழுப்புச் சர்க்கரையும் கால் கப் மஸ்டர்டும் கொஞ்சம் வினிகரும் குழைத்துத் தடவி, அங்கங்கே கிராம்பைச் செருகுங்கள். ஆரம்பத்திலேயே தடவினால் சர்க்கரை கருகிக் கசக்கும். வெளியே எடுத்து 15 நிமிடம் ஆறவிட்டு வெட்டுங்கள்.

உங்களுக்கு வந்தது கம்பெனி உறையோடு வந்த ஹாம். அந்த மட்டில் நிம்மதி. இதைப் படிக்கிற மற்றவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். டிசம்பர் வந்தால் வாட்ஸ்அப் குழுக்களில் ஹாம் ஆர்டர் எடுக்க ஆட்கள் கிளம்பிவிடுகிறார்கள். மொத்தக் கடையில் வாங்கி, உறையைப் பிரித்து, பாதி பாதியாக வெட்டி, ஜிகினாத் தாளில் சுற்றி, ரிப்பன் கட்டி, பவுண்டுக்கு இரண்டு மடங்கு விலை. விலை போகட்டும். உறை போனால் லேபிளும் போய்விடுகிறது. அது வெந்ததா, வேகாததா, எப்போது பிரித்தார்கள், யார் கை பட்டது, எதுவும் தெரியாது. ஆலையில் கட்டிய உறையில் வந்த வெந்த ஹாமுக்கு 140 டிகிரி போதும். வேறு இடத்தில் பிரித்து மறுபடி கட்டியதற்கு 165 வேண்டும் என்பது அமெரிக்க வேளாண்மைத் துறையின் அறிவுரை. அவ்வளவு சூடாக்கினால் ஹாம் சக்கையாகிவிடும். கூடுதல் காசு கொடுத்துச் சக்கையை ஏன் வாங்க வேண்டும்? தயவுசெய்து அவர்களிடம் வாங்காதீர்கள்.

கடையில் நேரே வாங்கினாலும் கண் வேண்டும். வெறும் 'ஹாம்' என்று இருந்தால் கொழுப்பு நீக்கிய சதையில் குறைந்தது 20.5 சதவீதம் புரதம். 'வித் நேச்சுரல் ஜூஸஸ்' என்றால் 18.5. 'வாட்டர் ஆடட்' என்றால் 17. புரதம் குறையக் குறையத் தண்ணீர் கூடுதல் என்று அர்த்தம். 'ஹாம் அண்ட் வாட்டர் ப்ராடக்ட்' என்று போட்டுவிட்டால் எவ்வளவு தண்ணீர் வேண்டுமானாலும் ஏற்றலாம், எத்தனை சதவீதம் என்று எழுதினால் போதும். அதாவது கறி விலையில் தண்ணீர். நியாயமாக இதைக் கொட்டை எழுத்தில் விலைச்சீட்டுக்குப் பக்கத்திலேயே போட வைத்திருக்க வேண்டும். விதியை எழுதிவிட்டு, பொடி எழுத்தில் படித்துக்கொள் என்று மக்கள் தலையில் கட்டினால் என்ன அர்த்தம்? அதே போல 'ஷாங்க்' என்றால் தொடையின் கீழ்ப்பக்கம்; 'ஷாங்க் ஹாஃப்' என்பதும் 'ஷாங்க் போர்ஷன்' என்பதும் ஒன்றல்ல. போர்ஷனில் நடுவிலிருக்கும் நல்ல துண்டுகளை உருவித் தனியாகக் கூடுதல் விலைக்கு விற்றிருப்பார்கள். அடுத்த முறை பாதி வாங்கினால் 'ஹாஃப்' என்ற சொல்லைத் தேடுங்கள்.

நான் சொன்ன சமையல் முறை செல்லாத ஹாம் ஒன்று உண்டு: 'கன்ட்ரி ஹாம்'. வர்ஜீனியா, கென்டக்கி, டென்னசி, வட கரோலினா பக்கத்துச் சரக்கு. மற்ற ஹாமில் தண்ணீர் ஏற்றுகிறார்கள் என்றால், இதில் உப்பைத் தேய்த்துத் தண்ணீரை எடுக்கிறார்கள். குறைந்தது 70 நாள் உப்பிலும் உலர்த்தலிலும் கிடந்து, எடையில் 18 சதவீதமாவது குறைந்தால்தான் அந்தப் பெயரையே போடலாம். ஸ்மித்ஃபீல்டு என்ற ஊர்ப்பெயரைக் காக்க வர்ஜீனியாவில் 1926-லேயே சட்டம் போட்டார்கள், அவ்வளவு மதிப்பு. துணிப்பையில் தொங்கும், மேலே பூஞ்சணம்கூட இருக்கும். பயந்து குப்பையில் போட்டுவிடாதீர்கள். பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவினால் போய்விடும். ஆனால் இது வேகாத ஹாம். ஃப்ரிட்ஜில் தண்ணீரில் ஊறவைத்து, தண்ணீரை மாற்றி, அப்புறம்தான் கொதிக்கவிட்டு வேகவைக்க வேண்டும். ஊறவைக்க மறந்தால் வாயில் வைக்க முடியாத உப்பு. கருவாட்டை அலசாமல் குழம்பில் போட்டது போலத்தான். யாராவது இதைப் பரிசாகக் கொடுத்தால், விருந்துக்கு இரண்டு நாள் முன்பே வேலையைத் தொடங்குங்கள். பரிமாறும்போது தாள் மாதிரி மெல்லியதாகச் சீவுங்கள்.

சரி, மிச்சத்துக்கு வருவோம். எலும்போடு தலைக்கு அரை பவுண்டு என்றால் 12 பேருக்கு 6 பவுண்டு போதும். பாதிக்கு மேல் மிஞ்சும். சாப்பாடு முடிந்து பேசிக்கொண்டே அதை மேஜையில் விட்டுவிடுவதுதான் எல்லா வீட்டிலும் நடக்கும் தப்பு. ஓவனிலிருந்து எடுத்த 2 மணி நேரத்துக்குள் எலும்பிலிருந்து சதையைப் பிரித்து, அகலமான ஆழமில்லாத டப்பாக்களில் ஃப்ரிட்ஜுக்குப் போக வேண்டும். உப்புப் போட்ட கறி கெடாது என்று நினைக்காதீர்கள். வெட்டுகிற கையிலிருந்து ஒட்டுகிற ஸ்டாஃபைலோகாக்கஸ் என்ற கிருமிக்கு உப்பு ஒரு பொருட்டே இல்லை, வெளியே கிடக்கும் ஹாமில் செழித்து வளரும். அது கக்கும் விஷம் மறுபடி சூடாக்கினாலும் அழியாது. "நாளைக்கு நல்லா சுட வச்சிக்கலாம்" என்பது இங்கே எடுபடாது.

ஃப்ரிட்ஜில் 3, 4 நாள். அதற்குள் தீராததை அன்றிரவே அரை பவுண்டுப் பொட்டலங்களாகக் கட்டித் தேதி எழுதி ஃப்ரீசரில் வையுங்கள். ஒரு மாதம், இரண்டு மாதம் வரை ருசி கெடாது. பொடியாக நறுக்கி முட்டைகோஸ் பொரியலில் போடலாம், மிளகும் வெங்காயமும் சேர்த்து வதக்கலாம், ஃப்ரைடு ரைஸுக்கும் முட்டைப் பொடிமாஸுக்கும் அருமையாகப் பொருந்தும். எதிலும் முதலில் உப்புப் போடாதீர்கள், சோயா சாஸும் வேண்டாம். 3 அவுன்ஸ் துண்டிலேயே ஏறக்குறைய 1,000 மில்லிகிராம் சோடியம் இருக்கும். அத்தைக்கு ரத்த அழுத்தம் இருந்தால் அவர் தட்டில் ஒரே ஒரு துண்டு.

எலும்பைத் தூக்கிப் போடவே போடாதீர்கள். பானை நிறையத் தண்ணீரில் எலும்பு, ஒரு வெங்காயம், பத்து மிளகு, ஒரு பிரிஞ்சி இலை போட்டு 2 மணி நேரம் சிறுதீயில் விடுங்கள். எலும்பை எடுத்துவிட்டு, அந்தச் சாற்றில் உடைத்த பச்சைப் பட்டாணிப் பருப்பைப் போட்டுக் குழைய வேகவையுங்கள். அமெரிக்கர்கள் குளிர்காலம் முழுக்கக் குடிக்கும் சூப் இதுதான். துவரம் பருப்பும் சீரகமும் போட்டாலும் நன்றாக வரும். பருப்பு வெந்தபிறகு நாக்கில் வைத்துப் பார்த்து, தேவைப்பட்டால் மட்டும் உப்பு. அத்தை எடுத்து வைத்த குக்கர் இந்தப் பருப்புக்குத் தாராளமாகப் பயன்படும்.