செகண்ட் ஹேண்ட் சேடில் வாங்கலாமா? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அண்ணே வணக்கம். நான் மிச்சிகன்ல இருக்கேன், ஆபீஸ்ல கூட வேலை பாக்குறவங்களோட சேர்ந்து வில் அம்பு எடுத்துட்டு மான் வேட்டைக்கு போலாம்னு இருக்கேன். ஹண்டர் சேஃப்டி கோர்ஸ் முடிச்சாச்சு, அக்டோபர் 1ல சீசன் ஆரம்பம். மரத்துல மாட்டி உக்கார்ற ட்ரீ ஸ்டாண்டை தூக்கிட்டு நடக்க முடியல, அதனால மரத்துல தொங்கிக்கிட்டே வேட்டை ஆடுற சேடில் வாங்கலாம்னு பாத்தா, ஒருத்தர் சேடில், ரெண்டு கயிறு, பிளாட்ஃபார்ம், மரத்துல ஏற படி வச்ச 4 கிளைம்பிங் ஸ்டிக் எல்லாம் சேர்த்து 350 டாலருக்கு தரேங்கிறார், "ரெண்டே சீசன்தான் யூஸ் பண்ணேன்"னு சொல்றார். புதுசா வாங்கினா ரெண்டு மடங்குக்கு மேல ஆகும்போல. வாங்கலாமா?

பதில்: தம்பி, மத்ததெல்லாம் பாத்து வாங்குங்க, ஆனா அதோட வர்ற கயிறுல ஒருநாளும் தொங்காதீங்க. ஏன்னு கொஞ்சம் விரிவாவே சொல்றேன்.

சேடில் பாக்காதவங்களுக்காக முதல்ல ரெண்டு வரி. இடுப்பையும் பின்பக்கத்தையும் தாங்குற துணி இருக்கை அது, அதோட ரெண்டு பக்கத்தையும் இணைச்சு முன்னாடி ஓடுற சின்ன கயிறு பிரிட்ஜ், மரத்தை சுத்தி கட்டுற டெதர் கயிறுல அந்த பிரிட்ஜை காரபினர்ங்கிற உலோகக் கொக்கி போட்டு மாட்டிட்டு மரத்தை பாத்த மாதிரி சாஞ்சு தொங்கணும், காலுக்கு கீழ ஒரு சின்ன பிளாட்ஃபார்ம். ஏறும்போதும் இறங்கும்போதும் மரத்தையும் நம்மளையும் சேர்த்து கட்டிக்கிற இன்னொரு கயிறு லைன்ஸ்மேன் ரோப். ஸ்டாண்டை விட ரொம்ப லைட்டு, தினம் ஒரு மரம் மாத்தலாம், பப்ளிக் லேண்ட்ல வேட்டைக்கு போறவங்க இதை இவ்ளோ விரும்புறதுக்கு அதான் காரணம், உங்க மிச்சிகன்காரர் ஜான் எபர்ஹார்ட் இது ஃபேமஸ் ஆகுறதுக்கு ரொம்ப முன்னாடி இருந்தே சேடில்லதான் வேட்டை ஆடிட்டு வர்றார்.

இப்போ விஷயத்துக்கு வர்றேன். ஸ்டாண்ட்ல உக்காந்தா உங்க வெயிட்டை இரும்பு தாங்குது, உடம்புல மாட்டிக்கிற பாதுகாப்பு பட்டையான ஹார்னஸுக்கு வேலை நீங்க விழுந்தாத்தான். சேடில்ல அப்படி இல்ல, விடியக்காலைல ஏறினதுல இருந்து இருட்டி இறங்குற வரைக்கும் அந்த ஒரு டெதர், ஒரு பிரிட்ஜ், ஒரு காரபினர்தான் உங்களை பிடிச்சிட்டு இருக்கு. இருக்கையும் அதான், பாதுகாப்பும் அதான். நிறைய பேர் பின்னாடி ரெண்டாவது கயிறுன்னு எதுவும் போடுறதே இல்ல. அப்போ அந்த கயிறு எங்க இருந்துச்சு என்னென்ன பட்டுச்சுன்னு முழுசா தெரிஞ்சிருக்கணும், செகண்ட் ஹேண்ட்ல அது மட்டும் கிடைக்கவே கிடைக்காது.

விக்கிறவர் பொய் சொல்றார்னு நான் சொல்லவே இல்ல. ரெண்டு சீசன்ங்கிறது வீட்டுக்குள்ள பையில இருந்து எப்பவாவது எடுத்து கட்டுனதாவும் இருக்கலாம், அக்டோபர்ல மரத்துல கட்டி ஜனவரி வரைக்கும் வெயில்லயும் பனியிலயும் அப்படியே விட்டதாவும் இருக்கலாம், ரெண்டுமே ரெண்டு சீசன்தான். வெயில்ல இருக்குற யூவி நைலானை கொஞ்சம் கொஞ்சமா தின்னுடும். மரத்துலயே விட்ட கயிறை அணில் கடிக்கும், கராஜ்ல எலி கடிக்கும், அதையாவது கண்ணால பாத்துடலாம். ஆனா ட்ரக் பின்னாடி பழைய பேட்டரி பக்கத்துல கிடந்து ஆசிட் பட்ட கயிறு வெளிய பாக்க அப்படியே புதுசு மாதிரி இருக்கும், உள்ள நூல் செத்துப் போயிருக்கும், பட்டுச்சுன்னு விக்கிறவருக்கே தெரிஞ்சிருக்காது. அப்புறம் கயிறுல நகர்த்தி இறுக்கிக்கிற புருசிக் முடிச்சு, இல்லனா அதே வேலையை செய்ற அசெண்டர்ங்கிற கருவி, எப்பவும் ஒரே இடத்துலதான் பிடிக்கும், அங்க உரசி உரசி கயிறோட வெளி உறை பளபளன்னு இறுகிப் போயிருக்கும், சில கயிறுல உள்ள நூல் நசுங்கி விரலால மடக்கினா அந்த இடம் மட்டும் தட்டையா மடங்கும். இதெல்லாம் உங்க சொந்த கயிறுலயே ஒவ்வொரு தடவை ஏறுறதுக்கு முன்னாடியும் தடவிப் பாக்க வேண்டியது, அந்த பழக்கத்தை இப்பவே பிடிச்சுக்கோங்க.

காசு கணக்கும் பாருங்க. டெதர், லைன்ஸ்மேன், பிரிட்ஜ் மூணும் புதுசா வாங்க சுமாரா 100ல இருந்து 150 டாலர்தான் ஆகும், பெரிய காசு போறது பிளாட்ஃபார்ம்லயும் ஸ்டிக்லயும். அது ரெண்டும் உலோகம், கண்ணுக்கும் கைக்கும் அகப்படும், அதனால அதை பழசா வாங்குறதுல எனக்கு பெரிய பயம் இல்ல. டார்ச் அடிச்சு ஒவ்வொரு வெல்டையும் பாருங்க, முடி மாதிரி கீறல் இருந்தாலும் வேண்டாம். வளைஞ்சதை நிமித்துன அடையாளம் இருந்தாலும் வேண்டாம், அலுமினியம் ஒருதடவை வளைஞ்சு நிமிந்தா அந்த இடம் வீக்குதான். படி ஆடுதா, போல்ட் லூசா இருக்கான்னு பாருங்க. ஸ்டிக்கை மரத்தோட கட்டுற பட்டையை மட்டும் தூக்கிப் போட்டுட்டு அதே கம்பெனி பட்டை புதுசா வாங்குங்க, அதுவும் துணிதானே.

கயிறுக்கும் உலோகத்துக்கும் நடுவுல நிக்கிறது சேடில். லேபிள்ல தயாரிச்ச தேதி இருக்கணும், லேபிளை வெட்டிட்டாங்கன்னா அதோட பேச்சை நிறுத்திடுங்க. தையலை விரலால தடவி பாருங்க, நிறைய சேடில்ல துணி ஒரு கலர் தையல் வேற கலர்ல இருக்கும், நூல் பிஞ்சா தெரியணும்னுதான். பிரிட்ஜ் மாட்டுற லூப்பும் லைன்ஸ்மேன் மாட்டுற லூப்பும்தான் அதிகம் தேயும் இடம். யாராவது வீட்டு மெஷின்ல கூடுதலா பை, பட்டைனு தைச்சிருந்தா வேண்டாம், எந்த லோடு தாங்குற தையலை ஊசி குத்துச்சுன்னு யாருக்கு தெரியும். அமெரிக்க அரசோட கன்ஸ்யூமர் ப்ராடக்ட் சேஃப்டி கமிஷன் சைட்ல, குறை இருக்குன்னு திரும்பக் கூப்பிட்ட பொருட்களோட ரீகால் லிஸ்ட் இருக்கு, மாடல் பேரை போட்டு தேடிடுங்க. பிரிட்ஜ் கழட்ட முடியாம சேர்த்து தைச்சிருக்குற மாடல்னா மொத்த சேடிலையும் கயிறு கணக்குலதான் நான் சேர்ப்பேன், புதுசுதான் வாங்கணும்.

அதனால அவர்கிட்ட கயிறு இல்லாம என்ன விலைன்னு கேளுங்க. சேடில்ல சந்தேகம் இருந்தா ஸ்டிக், பிளாட்ஃபார்ம் மட்டும் கேளுங்க, தருவார். வாங்கினப்புறம் ஒரு அடி உயரத்துல மாட்டி சாஞ்சு, திரும்பி, குதிக்காம முழு வெயிட்டையும் போட்டு பழகின பிறகுதான் மேல. டெதர்ல தொய்வு விடவே கூடாது, இந்த கயிறுங்க ராக் கிளைம்பிங் டைனமிக் கயிறு மாதிரி இழுபடாது, ரெண்டு அடி தொய்வுல விழுந்தாலே அந்த அதிர்ச்சி முழுக்க உங்க இடுப்புக்கும் கயிறுக்கும்தான்.

கேள்வி: சார், ஆன்லைன்ல காரபினர் 4 டாலருக்கு வருது, 22 கேஎன்னு எழுதியிருக்கு. ஃப்ரெண்ட் ஒருத்தர் மலை ஏறுறவர், அவரோட பழைய காரபினர் சும்மாவே தரேங்கிறார். எது பெட்டர்? டெக்சாஸ் வாசகர்.

பதில்: அந்த ஃப்ரெண்டை உங்களுக்கு நல்லா தெரியும், எங்க வாங்கினார் எப்படி வச்சிருந்தார்னு அவரால சொல்ல முடியும்னா அவரோடதுதான் பெட்டர். 22 கிலோ நியூட்டன்னா சுமார் 2,240 கிலோ இழுவை, அது நீளவாக்குல, கேட் (திறந்து மூடுற பக்கம்) மூடியிருக்கும்போது மட்டும். கேட் திறந்திருந்தாலோ குறுக்கா லோடு விழுந்தாலோ நல்ல காரபினர்லயே அது 7, 8 கேஎன்னுக்கு இறங்கிடும், அதனாலதான் சேடிலுக்கு லாக் ஆகுற காரபினர் கட்டாயம். எழுத்து யாரு வேணா அச்சடிக்கலாம், 2011ல கிளைம்பிங் சாமான் தயாரிக்கிற பெட்சில் கம்பெனியே தங்களோட பொருளை அச்சு அசலா காப்பி அடிச்சு விக்கிறாங்கன்னு எச்சரிக்கை விட்டுச்சு. யாரு தயாரிச்சாங்கன்னே தெரியாத பேருல வர்ற மலிவு சரக்குல என் வீட்டு ஆளுங்களை நான் தொங்க விடமாட்டேன்.

ஃப்ரெண்டோடதை வாங்கும்போது கேட்டை அமுக்கி விடுங்க, தானா டக்குனு மூடணும். லாக் மணல் மாட்டுன மாதிரி கரகரன்னு சுத்தினா கழுவிப் பாருங்க, அப்பவும் சரியா மூடலனா குப்பை. கயிறு ஓடி ஓடி பள்ளம் விழுந்து ஓரம் கூர்மையாகி இருந்தாலும் வேண்டாம், அது உங்க புது கயிறை அறுக்கும். உயரத்துல இருந்து பாறைல விழுந்துச்சான்னு கேளுங்க, விழுந்துச்சுன்னா நன்றி சொல்லி திருப்பி கொடுத்துடுங்க, புதுசே 15, 20 டாலர்தான்.

கேள்வி: அண்ணா, என் வீட்டுக்காரர் மான் சீசன்ல மரத்துல ஸ்டாண்ட் போட்டு உக்காருவார். என் அண்ணன் வாங்கி பிரிக்காமலே வச்சிருந்த ஃபுல் பாடி ஹார்னஸ் ஒண்ணை கொடுத்திருக்கார், வாங்கி 8 வருஷம் ஆச்சு. "ஒருதடவை கூட போடல, புதுசுதான்"னு ரெண்டு பேரும் சொல்றாங்க. எனக்கு மனசு ஒப்பல. ஒஹாயோ வாசகி.

பதில்: உங்க மனசு சொல்றது சரிம்மா. போடலனாலும் வயசாகும், நூலும் துணியும் காலத்துல தளரும். வேட்டைக்கு வர்ற ஹார்னஸ்கள்ல நிறைய கம்பெனி தயாரிச்ச தேதியில இருந்து 5 வருஷம்னு லேபிள்லயே போட்டுடுறாங்க, கிளைம்பிங் கம்பெனியான பெட்சில் துணி சம்பந்தப்பட்ட சாமானுக்கு அதிகபட்சம் 10 வருஷம்னு வச்சிருக்கு, உலோகத்துக்கு வருஷக் கணக்கு வைக்கல. அதனால பொதுவா ஒரு நம்பரை நம்பாதீங்க, அந்த லேபிளை எடுத்து வாசிங்க, அதுல இருக்குறதுதான் கணக்கு. தேதி தாண்டியிருந்தா பிரிக்காத பாக்கெட்டா இருந்தாலும் வேண்டாம். உங்க அண்ணன் கோச்சுக்குவார்னு நினைச்சா லேபிளை அவருக்கு போட்டோ எடுத்து அனுப்புங்க.

புதுசு வாங்கும்போது ஹார்னஸோட ஒரு லைஃப்லைன் கயிறும் வாங்க சொல்லுங்க, தரையில இருந்து ஸ்டாண்டுக்கு மேல வரைக்கும் ஓடுறது, அதுல புருசிக் முடிச்சை நகர்த்திக்கிட்டே ஏறலாம். மரத்துல இருந்து விழுறவங்கள்ல நிறைய பேர் ஏறும்போதும் இறங்கும்போதும்தான் விழுறாங்க, மேல போய் கட்டிக்கிற ஹார்னஸ் அந்த நேரத்துக்கு உதவாது. சஸ்பென்ஷன் ரிலீஃப் ஸ்ட்ராப்னு ஒரு பட்டை பாக்கெட்டோட வந்தா அதை தூக்கி எறியவே கூடாது, விழுந்து தொங்கும்போது அதுல கால் வச்சு நின்னு காலை அசைக்கணும், அசையாம தொங்கிட்டே இருந்தா ரத்தம் காலுல தேங்கி சீக்கிரமே உயிருக்கு ஆபத்தாகும்.

அந்த பழைய ஹார்னஸை யாருக்கும் தூக்கி கொடுத்துடாதீங்க, கராஜ் சேல்லயும் வைக்காதீங்க. கத்திரி வச்சு தோள் பட்டையையும் கால் பட்டையையும் துண்டு துண்டா வெட்டி அப்புறமா குப்பைல போடுங்க.