தூக்கமும் இல்லாம டென்ஷன்ல இருக்கும்போது போலீஸ்காரங்க எடுக்குற முடிவு மாறுமா?

கண்டிப்பா மாறும். எங்க மாமா திருநெல்வேலியில ஏட்டா இருக்காவ, அவங்க சொன்னத வச்சே சொல்லுதேன்.

ஒரு வருஷம் நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டத்துக்கு பந்தோபஸ்து. விடியக்காலம் நாலரைக்கு எந்திரிச்சு ரத வீதிக்குப் போனவங்கள, ராத்திரியும் வீட்டுக்கு விடாம அப்படியே வண்டி செக்கிங்ல போட்டுட்டாங்க. மணி 1 இருக்கும், பைக்ல வந்த ஒரு பையன நிப்பாட்டுனதும் அவன் கைய முதுகுப் பக்கம் கொண்டு போயிருக்கான், சட்டைக்குள்ள அருவாள சொருகிட்டு வர்ற ஆளுகளப் பாத்துப் பழகுன கண்ணு, மாமா லத்திய ஓங்கி முழங்கையிலயே போட்டுட்டாவ. கீழ விழுந்தது ஆஸ்பத்திரி ஃபைலு.

"சார், அம்மாவுக்கு முடியல"ன்னு அவன் ரெண்டு தரம் கத்துனது பக்கத்துல நின்ன போலீஸுக்குக் கேட்டிருக்கு. மாமாவுக்குக் கேக்கவே இல்லையாம், அந்தக் கை மட்டுந்தான் தெரிஞ்சுதாம். அது சாக்கு இல்ல. உசுருக்கு ஆபத்துன்னு தோணுனதும் அட்ரினலின் ஏறி நெஞ்சு படபடன்னு அடிக்கும், பார்வை ஒரே எடத்துல குத்திட்டு நிக்கும், சத்தம் அமுங்கிரும், யோசிக்கதுக்கு முன்னாடி கை பழக்கத்துல உள்ளதச் செஞ்சிரும்.

தூக்கம் வேற கெட்டா சொல்லவே வேண்டாம். 17 மணி நேரம் முழிச்சிருந்தாலே, 100 மில்லி ரத்தத்துல 50 மில்லிகிராம் ஆல்கஹால் இருக்குறவன் அளவுக்குக் கவனம் தடுமாறும்னு ஆராய்ச்சில பாத்திருக்காங்க. நம்ம சட்டத்துல 30 தாண்டுனாலே குடிச்சிட்டு வண்டி ஓட்டுன கேஸு. மாமா அன்னைக்கு 20 மணி நேரத்துக்கு மேல முழிப்பு.

அடிச்சது தப்புதான், அந்தப் பையனுக்கு எந்தக் காரணமும் வலியக் கொறைக்காது. ஆனா மாமாவுக்கு மட்டும் மெமோ, அந்த டூட்டிய போட்டவங்கள யாரும் ஒரு வார்த்தை கேக்கல, அதுதான் எனக்குப் பொறுக்கல. 2021ல காவலர்களுக்கு வார ஓய்வு அரசாணை வந்துச்சு, இருந்தாலும் கோயில் கொடைத் திருவிழா, தேர்தல், விஐபி வருகைன்னு வந்துட்டா மாமாவுக்கு முதல்ல போறது அந்த ஒரு நாள்தான். பயிற்சியும் மைதானத்துல ஓட விடுறதோட நின்னா பத்தாது, இருட்டுல, சத்தத்துல, களைச்சுப் போன நேரத்துல எப்படி நிதானிக்கணும்னு திரும்பத் திரும்பச் செஞ்சு பழக்கணும்.

மறுநாளே மாமா ஆஸ்பத்திரிக்குப் போயி அந்தப் பையன்கிட்ட மன்னிப்புக் கேட்டாவ. இப்போ செக்கிங்ல யாரு வந்தாலும் ரெண்டு எட்டு தள்ளி நின்னு, மூச்ச நல்லா இழுத்து விட்டுட்டு, "தம்பி, ஹேண்டில்லயே கைய வச்சுக்கோ, எங்க போற?"ன்னுதான் கேக்காவளாம்.