பெட்டியைச் சுத்தம் செய்கிறவரைக் கேட்டீர்களா?

கேள்வி: மகனின் 9-வது பிறந்தநாளுக்குச் சந்தையில் ஆறு கோழிக்குஞ்சுகள் வாங்கினோம். வந்து 12 நாள் ஆகிறது. இரண்டு செத்துவிட்டன. மூன்றாவது மாடி வீட்டில் அட்டைப்பெட்டிக்குள் பல்பு போட்டு வைத்திருக்கிறோம். வாங்கிவந்த தீவனத்தைச் சீண்டுவதே இல்லை. மீன்குழம்பு ஊற்றிய மொகிங்கா நூடுல்ஸ், டீயில் தோய்த்த ஈச்சாக்குவே (எண்ணெயில் பொரித்த மாவுக்குச்சி), லப்பெட் என்கிற ஊறவைத்த தேயிலைக்குத் தொட்டுக்க வைக்கும் வறுத்த பட்டாணி என்று நாங்கள் சாப்பிடுவதில் ஆளுக்கு ஒரு பிடி கொடுத்தால் கையில் ஏறிவந்து தின்கின்றன. பிள்ளைகள் இரண்டு பேர், நான், கணவர், எல்லாருக்கும் இப்போது அதுதான் பொழுதுபோக்கு. மாமியாருக்கு வேறு வேலை இல்லாததால் பெட்டியைச் சுத்தம் செய்வதை அவர் பார்த்துக்கொள்கிறார். மிச்சமுள்ள நாலும் நன்றாக வளர இன்னும் என்னென்ன தீனி கொடுக்கலாம்?
– பெயர் வேண்டாம், தாம்வே, யாங்கோன், மியான்மர்.

பதில்: இன்னும் என்னவா? கொடுத்ததே அதிகம், அம்மா. தீனிக்கு அப்புறம் வருகிறேன். உங்கள் கடிதத்தில் எனக்கு உறுத்தியது வேறொரு வரி. “மாமியாருக்கு வேறு வேலை இல்லாததால்.”

நாலு பேர் போடுகிறீர்கள், ஒருவர் அள்ளுகிறார். குஞ்சு ஏறி வருவது போடுகிறவர் கைக்குத்தான். ஆனால் அதன் உடம்புக்கு என்ன என்பது அள்ளுகிறவருக்குத்தான் தெரியும். எச்சம் கெட்டியாக இருக்கிறதா, நீராகக் கழிகிறதா, எந்தக் குஞ்சின் பின்பக்கம் காய்ந்து அடைத்துக் கிடக்கிறது என்று 12 நாளாகத் தினம் காலையில் பார்த்துக்கொண்டிருப்பவர் உங்கள் வீட்டுக்குள்ளேயே இருக்கிறார். இரண்டு குஞ்சு செத்தபோது அவரிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா? கேட்டிருந்தால் அவர் சொன்னது இந்தக் கடிதத்தில் இருந்திருக்கும். எனக்குத் தபால் எழுத முடிந்தது, கூடத்தில் உட்கார்ந்திருப்பவரைக் கேட்க முடியவில்லை.

இதைப் படித்ததும் எழுந்துபோய்க் கேளுங்கள். பின்பக்கம் அடைத்த குஞ்சு ஏதாவது உண்டென்று சொன்னால், வெதுவெதுப்பான நீரில் துணியை நனைத்து அந்த இடத்தில் வைத்து, ஊறியபின் மெல்லத் துடையுங்கள். பிய்த்தால் தோலும் சேர்ந்து வரும். துடைத்த குஞ்சை ஈரம் காயும்வரை சூட்டில் வையுங்கள். அடைப்பை அப்படியே விட்டால் எச்சம் போக வழியில்லாமல் செத்துவிடும். எச்சத்தில் ரத்தம் பார்த்ததாகச் சொன்னாரானால் கைவைத்தியம் வேண்டாம், கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். குடலைத் தாக்கும் காக்சிடியோசிஸ் ஈரப் பெட்டியில் வேகமாகப் பரவும்.

சரி, தீனி. இரண்டு வாரக் குஞ்சு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 20 கிராம் தின்னும். அதில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வெளித்தீனி போகக்கூடாது. அதாவது 2 கிராம். நாலு குஞ்சுக்கும் சேர்த்து ஒன்றிரண்டு டீஸ்பூன். நீங்கள் போடுவது நாலு பிடி! தீவனத்தைச் சீண்டவில்லை என்றால் எப்படிச் சீண்டும், வயிற்றில் இடம் வேண்டாமா? குஞ்சுத்தீவனத்தில் 18 முதல் 20 சதவீதம் புரதம் உண்டு. இறகு முளைப்பது அதில்தான். நூடுல்ஸில் இருப்பது வெறும் மாவு.

அதோடு போகவில்லை. மொகிங்காவில் இருக்கும் உப்பு குஞ்சின் சிறுநீரகத்துக்கு ஆகாது. டீயில் காஃபின் இருக்கிறது, டின் பால் வேறு. பாலில் உள்ள சர்க்கரை பறவைக்குச் செரிக்காது, கழிச்சலாகப் போகும். அந்தக் கழிச்சலை யார் துடைத்தார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பட்டாணி அந்தத் தொண்டைக்குப் பாறாங்கல். மழைக்காலத்தில் பூஞ்சை பிடித்த வேர்க்கடலை, ராஜ்மா போன்ற வேகாத பயறு, ஷான் மாநிலத்திலிருந்து வரும் அவகாடோ இவையெல்லாம் விஷம். மலிவாகக் கிடைக்கிறதே என்று முட்டைக்கோழித் தீவனமும் வாங்கிவிடாதீர்கள். அதில் சுண்ணாம்புச் சத்து குஞ்சு தாங்காத அளவுக்கு இருக்கும்.

இன்னும் ஒரு வாரத்துக்குத் தீவனமும் தண்ணீரும் மட்டும். முதல் நாள் கத்தும். பிள்ளைகளும் கத்துவார்கள். இரண்டையும் பொறுத்துக்கொள்ளுங்கள். அப்புறம் அவித்த முட்டையை உதிர்த்து ஒரு சிட்டிகை, இல்லையென்றால் பொடியாக அரிந்த கீரை. கூடவே, கழுவிய ஆற்றுமணலை ஒரு மூடியில் வையுங்கள். கோழிக்குப் பல் இல்லை, அரைப்பதெல்லாம் வயிற்றில் கிடக்கும் மணல்தான். தட்டோன் ஊரில் என் அம்மா சாணியும் வைக்கோலும் போட்ட பானையை மண்ணில் கவிழ்த்து வைப்பார். விடிந்தால் கறையான் இருக்கும். அதைவிட நல்ல தீனி கிடையாது. ஆனால் குஞ்சுக்குக் கறையான் கொடுக்க ஆசைப்பட்டால் பெட்டியை நீதான் கூட்ட வேண்டும் என்பது எங்கள் வீட்டுச் சட்டம். ஆறு வயதில் கூட்டினேன். உங்கள் மகனுக்கு 9 வயது.

இன்னொன்று. பல்பு என்று எழுதியிருக்கிறீர்கள், யாங்கோனில் கரண்ட் போகும் நேரத்தை எழுதவில்லை. முதல் வாரம் பெட்டிக்குள் 35 டிகிரி வேண்டும், அப்புறம் வாரம் மூன்று டிகிரி குறைக்கலாம். குளிர்ந்த குஞ்சுக்குத் தின்றது செரிக்காது, பின்பக்கம் அடைப்பதும் அதனால்தான். நடுராத்திரி கரண்ட் போனால் சுடுதண்ணீர் பாட்டிலைத் துணியில் சுற்றி உள்ளே வைக்க யார் எழுகிறார்கள்? நான் ஊகித்தது சரியானால், அந்த வேலைக்கும் ‘வேறு வேலை இல்லாதவர்’தான். இன்று ராத்திரியிலிருந்து நீங்களும் கணவரும் முறை வைத்து எழுந்திருங்கள்.

பெட்டி வேலை இனி மகனுக்கு. பாட்டி பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து சொல்லட்டும், அவன் செய்யட்டும். முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். குஞ்சுக்கு முத்தம் கொடுப்பதெல்லாம் கூடாது, வயிற்றைக் கெடுக்கும் சால்மோனெல்லா கிருமி தொற்றும். அடியில் வழவழப்பான செய்தித்தாள் விரித்திருந்தால் எடுத்துவிடுங்கள், கால் சறுக்கி இருபக்கமும் விரிந்து முடமாகிவிடும். உமி போடுங்கள். அரிசி விளைகிற நாட்டில் உமிக்குப் பஞ்சமில்லை. மூட்டையை மூன்று மாடி தூக்கி வருவது உங்கள் கணவர் பொறுப்பு. அவரும்தானே ஒரு பிடி போட்டார்.