அழுத்தினால் அயனிக் கால்வாய் எப்படித் திறக்கிறது?

வணக்கம் டீச்சர். காரைக்குடியில் உங்கள் பிளஸ் டூ மாணவி, "எந்த வேதிப்பொருளும் வந்து ஒட்டாமல், வெறும் அழுத்தத்துக்கு அயனிக் கால்வாய் எப்படித் திறக்கும்?" என்று கேட்டதாக எழுதியிருந்தீர்கள். அருமையான கேள்வி. அயனிக் கால்வாய் என்பது செல்சவ்வில் அயனிகளுக்கு வழிவிடும் புரதத் துளை. விடையும் அந்தச் செல்சவ்வில்தான் இருக்கிறது.

அழுத்தத்துக்குத் திறக்கும் கால்வாயான பியசோ புரதத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 2010-இல் ஆர்டெம் பட்டப்பூட்டியன் ஆய்வகத்தில் கண்டறிந்தது; 2021-இல் அவருக்கு நோபல் கிடைத்தது. மின்விசிறி மாதிரி மூன்று இறக்கைகள். சும்மா இருக்கும்போது அவை சவ்வையே குழிவாக வளைத்து வைத்திருக்கும். சவ்வு இழுபட்டால் குழிவு தட்டையாகும், நடுத்துளை திறக்கும், சோடியமும் கால்சியமும் உள்ளே பாயும். அழுத்தம் தொடர்ந்தாலும் சில பத்து மில்லிநொடிகளில் ஓட்டம் பெரும்பாலும் அடங்கிவிடும்.

இழுவிசை மட்டும் போதுமா என்று அவள் விடாமல் கேட்பாள். பாக்டீரியாவின் எம்எஸ்சிஎல் கால்வாயைப் பிரித்தெடுத்து, வெறும் கொழுப்புப் படலத்தில் பதித்து இழுத்தாலும் திறக்கிறது. எனக்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம்.

அப்புறம், அழுத்தம் தொடர்ந்தால் உணர்வு அடங்குவதை வகுப்பில் காட்ட ஆத்தங்குடிக் கல் பதித்த தரையே போதும். கண்ணாடிமேல் வார்த்த வழவழப்பு. உள்ளங்கையை அசையாமல் வைத்தால் தொடு உணர்வு மங்கும். லேசாக நகர்த்தினால் திரும்பி வரும். இதற்குப் பியசோ மட்டும் காரணமில்லை, நரம்பு முனைகளின் அமைப்புக்கும் பங்குண்டு என்று சொல்லிவிடுங்கள்.

தொடு உணர்வுக்கு உதவும் பியசோ வகையான பியசோ-2 பிறவியிலேயே செயல்படாதவர்களைப் பற்றியும் கட்டாயம் சொல்லுங்கள். ஊசி குத்தினால் வலிக்கும், சூடு தெரியும். ஆனால் கண்ணை மூடினால் தன் விரல் மடங்கியிருக்கிறதா நீண்டிருக்கிறதா என்று அவர்களுக்குத் தெரியாது.