அம்மாவின் படபடப்பு: துடிப்பு நிபுணரிடம் போகுமுன்

அம்மாவுக்கு எக்டோபிக் துடிப்பா, ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனா என்று தெரியாமல் இதயத் துடிப்பு நிபுணரிடம் அனுப்பியிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். தள்ளிப்போடாதீர்கள். எக்டோபிக் என்பது முந்திக்கொண்டு வரும் ஒற்றைத் துடிப்பு. இதயம் நன்றாக இருந்தால் பெரும்பாலும் தீங்கில்லை. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனில் இதயத்தின் மேலறைகள் ஒழுங்கின்றி நடுங்கும், ரத்தம் தேங்கி உறையக்கூடும், அதனால் பக்கவாதம் வரலாம். படபடப்பு நேரத்து ஈசிஜிதான் சாட்சி. என் அப்பாவுக்கு 24 மணி நேர ஹோல்டரில் (உடலில் ஒட்டி, துடிப்பைத் தொடர்ந்து பதியும் சிறு கருவி) ஒன்றும் சிக்கவில்லை. 7 நாள் கட்டியபோது, ஒட்டிய இடமெல்லாம் தோல் சிவந்து அரித்தது. ஐந்தாம் நாள் விடியற்காலை அந்தப் படபடப்பு பதிவில் அகப்பட்டது. பழைய ஈசிஜிகளையும், படபடப்பு வந்த நேரங்களைக் குறித்த தாளையும் கொண்டுபோங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை வேண்டுமா என்று கட்டாயம் கேளுங்கள். அதற்கிடையில் முகம் கோணினாலோ பேச்சு குழறினாலோ மயங்கினாலோ உடனே 108ஐ அழையுங்கள்.