எழுதாததை வசனத்திலிருந்து எடுக்கலாமா?

கேள்வி: 'திரித்துவம்' (பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என மூவராயிருக்கும் ஒரே தேவன்) என்ற சொல் பைபிளில் எங்குமே இல்லை. இல்லாததை ஊகித்து உபதேசமாக்குவது சரியா?

பதில்: சொல் இல்லைதான். ஆனால் எழுதியிருப்பதிலிருந்து தவிர்க்க முடியாமல் பெறப்படுவதும் வசனத்தின் போதனையே. இயேசுவே அப்படி வாதாடினார். உயிர்த்தெழுதல் இல்லை என்ற சதுசேயர் எனும் யூதப் பிரிவினருக்கு, அவர்கள் ஏற்கும் மோசேயின் நூலிலிருந்தே 'நான் ஆபிரகாமின் தேவன்' என்ற யாத்திராகமம் 3:6-ஐ எடுத்துக்காட்டினார் (மாற்கு 12:26-27). அதில் உயிர்த்தெழுதல் என்ற பேச்சே கிடையாது. தேவன் மரித்தோருக்குத் தேவன் அல்ல என்பதைச் சேர்த்தால்தான் முடிவு கிடைக்கிறது. அந்த முடிவுக்கு வராததற்காக அவர்களைக் கடிந்தும் கொண்டார்.

இந்த இடத்தில் தமிழ் வாசகர் கவனமாயிருக்க வேண்டும். 'தேவனாயிருக்கிறேன்' என்ற நிகழ்காலத்தை மட்டும் பிடித்து விளக்கம் சொல்கிறார்கள். எபிரேய மூலத்தில் அங்கே வினைச்சொல்லே இல்லை. வாதத்தின் பலம் உடன்படிக்கையில் இருக்கிறது: தம்மை ஆபிரகாமின் தேவன் என்று அழைத்துக்கொள்பவர் அவனைச் சாவிடம் விட்டுவிட மாட்டார்.

1646-ல் எழுதி முடிக்கப்பட்ட வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கை என்ற சீர்திருத்த சபைகளின் உபதேச அறிக்கை (அதிகாரம் 1, பத்தி 6) இப்படிப் பெறும் முடிவு சரியானதாகவும் அவசியமானதாகவும் இருக்க வேண்டும் என்கிறது. பெரும்பாலும் சறுக்குவது 'அவசியம்' என்பதில்தான். ஆதார வசனங்களை ஒரு தாளில் தனித்தனியே எழுதுங்கள். அவை எல்லாம் உண்மையாயிருந்தும் உங்கள் முடிவு பொய்யாக முடியுமா என்று பாருங்கள். முடியுமென்றால் அது ஊகம், உபதேசமல்ல.

மாற்கு 16:16-ஐ எடுத்துக்கொள்வோம். 'விசுவாசித்து ஞானஸ்நானம் பெற்றவன் இரட்சிக்கப்படுவான்.' இதை வைத்து, ஞானஸ்நானம் பெறாதவனுக்கு இரட்சிப்பே இல்லை என்கிறார்கள். 'மழை பெய்தால் தரை நனையும்' என்பதிலிருந்து 'மழை இல்லை, ஆகவே தரை நனையவில்லை' என்று சொல்வதைப் போன்ற பிழை இது. வசனத்தின் பிற்பகுதி ஆக்கினையை விசுவாசியாதவனுக்கு மட்டுமே சொல்கிறது. அப்போஸ்தலர் 16-ல் ஞானஸ்நானம் பெற்ற லீதியாளின் வீட்டாரைப் பற்றிய முடிவுகளும் அப்படியே: அங்கே கைக்குழந்தைகள் இருந்திருக்கலாம், இல்லாமலும் இருந்திருக்கலாம். குழந்தை ஞானஸ்நானத்தை ஆதரிப்பவரும் மறுப்பவரும் அந்த வசனத்தை மட்டும் வைத்து எதையும் நிறுவ முடியாது.

திரித்துவம் இந்தச் சோதனையைத் தாங்குகிறது. தேவன் ஒருவரே (உபாகமம் 6:4). வார்த்தை, அதாவது குமாரன், தேவனாயிருந்தது (யோவான் 1:1). ஆவியானவரிடம் பொய் சொன்னது தேவனிடம் சொன்ன பொய் (அப்போஸ்தலர் 5:3-4). மூவரும் வெவ்வேறானவர் (மத்தேயு 3:16-17). இவற்றில் ஒன்றைக்கூடக் கைவிடாமல் வேறு முடிவுக்கு வர முடியாது.

கேள்வி: தர்க்கம் மனுஷஞானம்தானே? 1 கொரிந்தியர் 2:5 அதை நம்ப வேண்டாம் என்கிறதே?

பதில்: அதே நிருபத்தின் 15:13-ஐப் படியுங்கள். மரித்தோர் உயிர்த்தெழுதல் இல்லையென்றால் கிறிஸ்துவும் எழுந்திருக்கவில்லை. அவரோ எழுந்தார் (15:20). ஆகவே உயிர்த்தெழுதல் இல்லை என்ற பேச்சு தவறு. பவுல் விலக்குவது விசுவாசத்துக்கு மனுஷஞானத்தை அஸ்திபாரமாக்குவதை.